வழுதுணங்காயும் நோர்மாவும்

கத்தரிக்காய் எண்ணெயில் பொரிகிற வாசம் எந்த ஊரில் வந்தாலும் எனக்குப் பசித்துவிடும். கத்தானியாவில் நான் போய் இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, அந்த வாசம்தான் என்னை மாடியிலிருந்து கீழே வரவைத்தது. சிசிலித் தீவின் கிழக்குக் கரையில், எத்னா எரிமலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர் அது. வேலை விஷயமாக மூன்று மாதம் அங்கே தங்க வேண்டியிருந்தது. மாடியில் நான், கீழே வீட்டுக்காரம்மா. அவருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். படியில் நான் தயங்கி நின்றதைப் பார்த்துவிட்டு, "வா, உட்காரு, ஃபிக்கியா மியா" என்றார். ‘என் மகளே’ என்று அர்த்தம். நம் ஊர்ப் பெரியவர்கள் ‘வாம்மா’ என்று கூப்பிடுவதைப் போலத்தான்.

தட்டு வந்தது. குழல் குழலான பாஸ்தா, அதன்மேல் தக்காளிச் சாறு, அதற்கும் மேல் கருஞ்சிவப்பாகப் பொரிந்த கத்தரிக்காய் வில்லைகள், இரண்டு துளசி இனத்து பேசில் இலைகள். கடைசியாக அவர் ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்து, தேங்காய்த் துருவலைவிடக் கொஞ்சம் பெரிய துருவலாக மேலே உதிர்த்தார்.

"இதுக்கு என்ன பேரு?"

"பாஸ்தா கா நோர்மா."

"நோர்மான்னா யாரு?"

கையிலிருந்த துருவியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பெல்லினியோட நோர்மா" என்றார். அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை என்பதுபோல இருந்தது அந்தப் பதில். எனக்கோ அங்கேதான் கேள்வியே ஆரம்பித்தது. அந்த மூன்று மாதமும் இந்த ஒரு பெயரின் பின்னால் நான் அலைந்தேன்.

இத்தாலியச் சமையலில் பெரும்பாலான பெயர்களுக்குக் காரணம் பார்த்தவுடனே தெரிந்துவிடும். பொலோன்யா ஊரில் செய்தால் ‘பொலோன்யேசே’. அமத்ரிச்சே ஊரிலிருந்து வந்தால் ‘அமத்ரிச்சானா’. பாலாடைக்கட்டியும் மிளகும் போட்டால் ‘காச்சோ எ பேப்பே’, அதாவது ‘பாலாடைக்கட்டியும் மிளகும்’ என்றே பெயர். கத்தானியாவின் இந்தப் பாஸ்தாவுக்கு மட்டும் பெல்லினி என்ற இசையமைப்பாளரின் ‘நோர்மா’ என்கிற இசை நாடகத்தின் பெயர். கத்தரிக்காயும் தக்காளியும் போட்ட ஓர் எளிய வீட்டுச் சாப்பாட்டுக்கு, தீயில் இறங்கி உயிர்விடும் ஒரு பூசாரிப் பெண்ணின் பெயரை எதற்காக வைத்தார்கள்?

ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். நினோ மார்தோலியோ என்று ஒரு நாடக ஆசிரியர், கவிஞர். கத்தானியா மக்களின் பேச்சுமொழியிலேயே எழுதியவர். 1920 வாக்கில் ஒரு நடிகர் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்கிறார். அந்த வீட்டு அம்மாள் இந்தப் பாஸ்தாவைப் பரிமாற, முதல் வாயிலேயே அவர், "கிஸ்தா ஏ ந வேரா நோர்மா!" என்றாராம். ‘இதுதான் அசல் நோர்மா!’ என்று பொருள். கூட இருந்த நாடகக்காரர்கள் அந்தச் சொல்லை ஊரெல்லாம் கொண்டுபோனார்கள், பெயர் நிலைத்துவிட்டது. மார்தோலியோ 1921இல் ஒரு விபத்தில் இறந்துவிட்டார். அதனால் இதை அவர் வாயாலேயே யாரும் உறுதிப்படுத்தியிருக்க வாய்ப்பில்லை.

இன்னொரு கதை நோர்மா முதன்முதலாக அரங்கேறிய 1831ஆம் ஆண்டுக்கே போகிறது. அந்த வெற்றியைக் கொண்டாட ஒரு சிசிலிச் சமையல்காரர் இந்தப் பெயரை வைத்தாராம். இதை நான் நம்பவில்லை. நோர்மா அரங்கேறியது கத்தானியாவில் அல்ல, மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கில். தேதி 1831 டிசம்பர் 26. முதல் நாள் கொண்டாடும்படியாகவும் எதுவும் நடக்கவில்லை. கூட்டம் கைதட்டாமல் உம்மென்று இருந்தது, பெல்லினி மனம் உடைந்துபோனார். அதற்கப்புறம் வந்த நாட்களில்தான் நாடகம் எழுந்து நின்றது.

அந்த முதல் மேடையில் நோர்மாவாகப் பாடிய பெண்ணின் பெயர் ஜூடித்தா பாஸ்தா! முதல்முறை இதைப் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். பிழையில்லை. அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுக்கப் புகழ்பெற்றிருந்த பாடகி, அவருடைய குடும்பப் பெயரே அதுதான். பாஸ்தாவும் நோர்மாவும் சேர்ந்தது அன்றைக்குத்தான் முதல்முறை என்று சொல்லலாம். ஆனால் இந்தச் சாப்பாட்டின் பெயருக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

மார்தோலியோ கதைக்குத் திரும்புகிறேன். அது உண்மையாகவே நடந்திருக்கலாம். ஆனால் அந்தக் கதையை அப்படியே எடுத்துக்கொண்டாலும் ஒன்று புரியவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒருவர் ‘இது நோர்மா’ என்கிறார், சுற்றி இருந்தவர்களில் ஒருவர்கூட ‘என்ன சொல்கிறீர்கள்?’ என்று கேட்கவில்லை. அவர் பாராட்டுகிறார் என்பது எல்லாருக்கும் அந்த நொடியே விளங்கிவிட்டது. அப்படியானால் ‘நோர்மா’ என்ற சொல் அதற்கு முன்பே அந்த ஊரில் புழங்கியிருக்க வேண்டும். புழங்கியது என்றுதான் கத்தானியாக்காரர்கள் சொல்கிறார்கள். நன்றாக அமைந்த எதைப் பார்த்தாலும், அது சட்டையாகட்டும், கல்யாணப் பெண்ணாகட்டும், ‘பாரி ந நோர்மா’ என்பார்களாம். ‘நோர்மா மாதிரி இருக்கிறது’ என்று அர்த்தம். இதைவிட மேலே ஒன்றுமில்லை என்பதற்கு ஊர் வைத்திருந்த அளவுகோல் அது.

ஓர் இசை நாடகத்தின் பெயர் எப்படி அளவுகோல் ஆகும்? அதைப் புரிந்துகொள்ள அந்த ஊரில் நடந்து பார்க்க வேண்டும். நீங்கள் இறங்குகிற விமான நிலையத்துக்குப் பெயர் வின்சென்சோ பெல்லினி. சாயங்காலம் காற்று வாங்கப் போகிற பூங்காவுக்குப் பெயர் வில்லா பெல்லினி. எத்னா தெருவின் நடுவில் உள்ள சதுக்கத்தில் பெல்லினியின் சிலை, காலடியில் அவருடைய நாடகங்களின் பாத்திரங்கள். அவற்றில் நோர்மாவும் உண்டு. அந்தச் சிலை 1882இல் வைத்தது. பெல்லினி அரங்கம் 1890 மே 31 அன்று திறக்கப்பட்டது. எந்த நாடகத்தோடு திறந்தார்கள் என்று நான் சொல்லவே வேண்டாம்.

பெல்லினி பிறந்தது இந்த ஊரில், 1801இல். இறந்தது பாரிசுக்குப் பக்கத்தில், 1835இல். அப்போது அவருக்கு 33 வயது. பாரிசிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். நாற்பது வருஷம் கழித்து, 1876இல், ஊர் தன் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்தது. புனித ஆகத்தா பேராலயத்துக்குள் ஒரு தூண் ஓரமாக அவருடைய கல்லறை இருக்கிறது. அதன்மேல் அவருடைய இன்னொரு நாடகமான ‘லா சொன்னாம்புலா’வின் வரியைச் செதுக்கியிருக்கிறார்கள்: ‘பூவே, இவ்வளவு சீக்கிரம் நீ வாடிப்போவாய் என்று நான் நினைக்கவில்லையே.’ நாடகத்தில் ஒரு பெண் தன் கையிலிருக்கும் பூக்களைப் பார்த்துப் பாடுகிற வரி. 33 வயதில் போன ஒருவரின் கல்லறையில் அதே வரியைப் படிக்கும்போது வேறு ஒரு பூ கண்ணுக்குத் தெரிகிறது. நான் போன அன்று ஒரு தாத்தா தன் பேரனைத் தோளில் தூக்கி அந்த எழுத்துகளைக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஆக, 1876, 1882, 1890 என்று அடுத்தடுத்துப் பதினைந்து வருஷத்துக்குள் ஊரின் கல்லிலும் தெருவிலும் மேடையிலும் பெல்லினி நிரம்பிவிட்டார். அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் 1920இல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தது. அவர்கள் வாயில் வேறு எந்தப் பாராட்டு வந்திருக்கும்? என்னைக் கேட்டால், மார்தோலியோ அந்தப் பெயரைச் சூட்டவில்லை. ஊர் வாயில் ஏற்கெனவே இருந்த சொல்லைத் தட்டுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்தார், அவ்வளவுதான்.

நாடகத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைய பிரான்சுப் பகுதியான ‘கால்’ என்ற நாட்டை ரோமானியர்கள் பிடித்து வைத்திருந்த காலம். அந்த நாட்டு மக்களின் தலைமைப் பூசாரி நோர்மா. யாருக்கும் தெரியாமல் ரோமானிய ஆளுநர் ஒருவனைக் காதலித்து, இரண்டு பிள்ளைகளும் பெற்றிருக்கிறாள். அவன் மனம் வேறொரு இளம் பூசாரிப் பெண்ணிடம் போய்விடுகிறது. கடைசியில், விரதத்தை மீறிய ஒரு பூசாரிப் பெண் நம்மிடையே இருக்கிறாள், அவளை எரிக்கப் போகிறோம் என்று நோர்மாவே கூட்டத்துக்கு அறிவிக்கிறாள். யார் அவள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். போட்டியாக வந்த பெண்ணின் பெயரைச் சொன்னால் போதும், பழி தீர்ந்துவிடும். நோர்மா சொல்வது இரண்டே சொல்: ‘சோன் இயோ.’ நான்தான்.

அந்த இடத்தில் பெல்லினி இசையை ஏறக்குறைய நிறுத்தியே விடுகிறார். வாத்தியங்கள் பின்வாங்கிவிடும், பெண்குரல் மட்டும் தனியாக நிற்கும். முதல் அங்கத்தில் வருகிற ‘காஸ்தா தீவா’ பாட்டைத்தான் உலகம் முழுக்கக் கேட்கிறார்கள். நிலவைத் தெய்வமாக நினைத்துப் பாடும் வேண்டுதல் அது. நம் பாடகர்கள் ராகத்தை அவசரமில்லாமல் விரிப்பதுபோல, மூச்சு முடியப் போகிறது என்று நாம் நினைக்கிற இடத்திலும் அந்த மெட்டு இன்னும் நீண்டுகொண்டே போகும். பெல்லினியின் மெட்டுகளை ‘நீண்ட, நீண்ட, நீண்ட மெட்டுகள்’ என்று இன்னொரு பெரிய இத்தாலிய இசையமைப்பாளரான வெர்தியே வியந்திருக்கிறார். ஆனாலும் எனக்கு அந்த ‘நான்தான்’ போதும். வீட்டுக்காரம்மாவின் தாயார் 1951இல் புகழ்பெற்ற பாடகி மரியா காலஸ் கத்தானியாவுக்கு வந்து நோர்மா பாடியபோது உச்சி மாடி இருக்கையில் உட்கார்ந்து கேட்டாராம். அந்த இரண்டு சொல்லுக்கு அரங்கமே மூச்சு விடவில்லை என்று அம்மா சொல்லிச் சொல்லி அழுவார் என்றார்.

பெயருக்கு வேறொரு விளக்கமும் உண்டு. லத்தீனில் ‘நோர்மா’ என்றால் தச்சரும் கொத்தனாரும் வைத்திருக்கிற மூலைமட்டம். மூலை சரியாக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கிற கருவி. அதிலிருந்துதான் விதி, முறை என்ற பொருள் வந்தது. நாம் தினமும் சொல்கிற ‘நார்மல்’ கூட அந்த மூலைமட்டத்தின் பேத்திதான். அதனால் இந்தப் பாஸ்தாவின் இத்தாலியப் பெயரில் வரும் ‘அல்லா நோர்மா’ என்பது ‘முறைப்படி செய்தது’ என்றுதான் இருந்திருக்கும், இசை நாடகம் எல்லாம் பின்னால் ஒட்டவைத்தது என்று சிலர் சொல்கிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர்க்காரர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஒரு சாப்பாட்டின் பெயரைப் பொறுத்தவரை அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் மனதில் என்ன இருக்கிறதோ அதற்குத்தான் நான் முதல் இடம் கொடுப்பேன்.

சரி, சமையலுக்கு வருவோம். இதை நான் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன்.

கத்தரிக்காய் வாங்குவது ‘ஃபேரா ஓ லூனி’யில். ‘திங்கள் சந்தை’ என்று பெயர், ஆனால் ஞாயிறு தவிர எல்லா நாளும் நடக்கும். ஜூலை மாதத்தில் அங்கே கத்தரிக்காய் மலைபோலக் குவிந்திருக்கும். கருப்பாக நீண்டது ஒரு வகை, வெளிர் ஊதாவில் உருண்டையாக இருப்பது இன்னொரு வகை. வீட்டுக்காரம்மா காம்பைத்தான் பார்ப்பார். பச்சையாக, முள் குத்துகிற மாதிரி இருந்தால் புதுசு. அப்புறம் கையில் தூக்கிப் பார்ப்பார். அளவுக்கு ஏற்ற கனம் இருக்க வேண்டும், லேசாக இருந்தால் உள்ளே விதை முற்றிவிட்டது.

ஒரு விரல் பருமனுக்குக் கொஞ்சம் குறைவாக வில்லை போட்டு, கல் உப்பைத் தூவி, கண் கண்ணாக இருக்கிற வடிதட்டில் அடுக்கி, மேலே ஒரு தட்டும் அதன்மேல் தண்ணீர்ப் பாத்திரமும் வைத்துவிடுவார். ஒரு மணி நேரத்தில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் இறங்கியிருக்கும். கழுவித் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். இதை நான் ஒருநாள் தவிர்த்துவிட்டு நேரே பொரித்தேன். வில்லைகள் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருந்தன. வாயில் வைத்தால் எண்ணெய்தான் வந்தது. உப்பு போட்டுப் பிழிந்த காய் சதை இறுகிவிடும், எண்ணெயை அவ்வளவாக உள்ளே விடாது. அப்புறம், எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஒரே சமயத்தில் மூன்று நான்கு வில்லைக்கு மேல் போடக் கூடாது. ஓரம் மரப்பட்டை நிறத்துக்கு வந்து நடுப்பகுதி வெண்ணெய்போல ஆகிற சமயத்தில் எடுக்க வேண்டும்.

தக்காளிச் சாறில் பூண்டு, உப்பு, பேசில், ஆலிவ் எண்ணெய், வேறு எதுவும் கிடையாது. பாஸ்தாவைச் சாறில் புரட்டித் தட்டில் போட்ட பிறகுதான் கத்தரிக்காய். சாறோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் அது கூழாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே ‘ரிக்கோத்தா சலாத்தா’. ரிக்கோத்தா என்றால் ‘மறுபடி காய்ச்சியது’. பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சுகிற தெளிநீரைத் திரும்பவும் சூடாக்கினால் மேலே வெள்ளையாகத் திரண்டு வரும். செம்மறி ஆட்டுப்பாலில் செய்த அதை உப்பிட்டு, அழுத்தி, வாரக்கணக்கில் உலரவைத்தால் துருவுகிற பதத்துக்கு வரும். கரிப்பும் லேசான புளிப்பும் இருக்கும். இதற்குப் பதிலாகப் பர்மேசான் பாலாடைக்கட்டி போடுகிற உணவகங்களைப் பார்த்திருக்கிறேன். போட்டால் அது நோர்மா இல்லை. இந்த வெள்ளைத் துருவலின் கரிப்புதான் கத்தரிக்காயின் எண்ணெய்ப்பசையை வெட்டிக் கொடுக்கிறது. ஊர்க்காரர்கள் தட்டையே எத்னா மலையாகப் பார்ப்பார்கள்: கருத்த காய் எரிமலைக் கல், சிவப்புச் சாறு நெருப்பு, பச்சை இலை அடிவாரக் காடு, வெள்ளைத் துருவல் உச்சிப் பனி.

இதில் பல பொருள்கள் எங்கெங்கிருந்தோ சிசிலிக்கு வந்து சேர்ந்தவை. தக்காளி அமெரிக்காவிலிருந்து. பாஸ்தாவை உலர்த்திக் கப்பலேற்றும் தொழில் சிசிலியில் 1154லேயே இருந்தது என்று அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியல் அறிஞர் எழுதி வைத்திருக்கிறார், பலெர்மோவுக்குப் பக்கத்து ஊரான த்ராபியாவில். கத்தரிக்காயைக் கொண்டுவந்தவர்களும் அரபிகள்தான். இங்கேதான் எனக்கு உடல் சிலிர்த்தது.

இத்தாலியில் கத்தரிக்காய்க்கு ‘மெலன்சானா’ என்று பெயர், சிசிலிப் பேச்சில் ‘மிலின்சானா’. ‘பைத்தியக்கார ஆப்பிள்’ என்று பொருள்படும் ‘மேலா இன்சானா’விலிருந்து வந்ததாக ஒரு கதை சொல்வார்கள். அந்தக் காயைப் பார்த்து ஐரோப்பாவே வெகுகாலம் பயந்தது. 1891இல் வந்த தன் சமையல் புத்தகத்தில் அர்தூசி, நாற்பது வருஷத்துக்கு முன்பு ஃபிளாரன்ஸ் சந்தையில் இதை அரிதாகத்தான் காண முடிந்தது, யூதர்களின் சாப்பாடு என்று இகழ்ந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். ஆனால் பைத்தியக்கார ஆப்பிள் பின்னால் கட்டிய விளக்கம். அசல் சொல் அரபு மொழியின் ‘பாதிஞ்சான்’. அரபிக்கு அது பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கிருந்து பின்னால் போனால் சமஸ்கிருதத்தின் ‘வாதிங்கண’. அதற்கும் பின்னால் போகிற மொழியியலாளர்கள் திராவிட மொழிச் சொல் ஒன்றில் போய் நிற்கிறார்கள். தமிழில் வழுதுணை, வழுதலை.

நான் நாகர்கோவில்காரி. எங்கள் ஆச்சி கத்தரிக்காய் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை, ‘வழுதலங்கா’ என்றுதான் சொல்வாள். மலையாளத்தில் இன்றும் வழுதனங்காதான். ‘வரகரிசிச் சோறும் வழுதுணங்காய் வாட்டும்’ என்று ஔவையார் தனிப்பாடலில் படித்தபோது, ஆச்சியின் சொல் என்றுதான் முதலில் பட்டது. அந்தச் சொல்தான் கைமாறிக் கைமாறி, பாரசீகம் போய், அரபி வாயில் உருண்டு, சிசிலியில் ‘மிலின்சானா’வாக என் தட்டுக்கு வந்திருக்கிறது. போர்ச்சுகீசியர் வாயில் அதே சொல் ‘பெரின்ஜேலா’ ஆகி, கப்பலேறித் திரும்ப நம் நாட்டுக்கே வந்து ‘பிரிஞ்சால்’ ஆனது. பள்ளிக்கூடத்தில் அதை வெள்ளைக்காரன் சொல் என்று நினைத்துப் படித்தோம்.

ஊருக்குத் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு வீட்டுக்காரம்மாவிடம் இதைச் சொன்னேன். காகிதத்தில் ஒவ்வொரு ஊராக எழுதி, அம்புக்குறி போட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "உங்க ஊர்ல எப்படிச் சொல்வீங்க?" என்றார். சொன்னேன். ழகரம் அவர் நாக்கில் வரவில்லை. நான்கு முறை முயன்றார். "வலுதுணா" என்பதோடு நின்றுகொண்டார்.

"சரி, உங்க ஊர்ல இதை எப்படிச் சமைப்பாங்க? செஞ்சு காட்டு."

மறுநாள் சந்தையில் உருண்டைக் கத்தரிக்காய் இரண்டு வாங்கினேன். ஆச்சி செய்வதுபோல அடுப்புத் தீயில் நேரே வைத்துச் சுட்டேன். தோல் கருகி வெடிப்பதைப் பார்த்து அவர் முதலில் பதறி ஜன்னலைத் திறந்தார். தோலை உரித்து, பிசைந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கிப் போட்டு, ஊரிலிருந்து கொண்டுபோன புளியில் கடைசி உருண்டையைக் கரைத்து ஊற்றினேன். ஒரு கரண்டி வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றார். நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு பத்தலை" என்று எழுந்து போனார். ரிக்கோத்தா சலாத்தாவையும் துருவியையும் எடுத்து வந்து, ஆச்சியின் வழுதுணங்காய் மேல் வெள்ளையாகத் துருவ ஆரம்பித்தார்.